குளியலறையில் நாலடி

மார்ச் 3, திங்கள்

தரகர் வாசலில் பலகை நட்டுவிட்டுப் போனார். ‘தனி வீடு விற்பனைக்கு. சுற்றிலும் பரந்த நிலம்.’ பலகை இடப்பக்கம் மூன்று டிகிரி சாய்ந்திருக்கிறது. இருபத்தேழு வருடமாக மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன் கண்ணுக்கு இது உறுத்தாமல் இருக்குமா? சொல்லிப் பார்த்தேன். “சார், வாங்கறவன் வீட்டை வாங்குவானா, போர்டை வாங்குவானா?” என்றார்.

மத்தியானம் மனைவி போன் செய்தாள்.

“போர்டு வச்சாச்சா?”

“வச்சாச்சு.”

“யாராச்சும் வந்தாங்களா?”

“வச்சு அரை மணி நேரம்தான் ஆகுது.”

“அப்ப வரல.”

ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். எதையும் உண்டு, இல்லை என்று குறித்து மூடிவிட வேண்டும் அவளுக்கு. போன மாதம் பதவி உயர்வு வந்து, ஐந்து மணி நேரப் பயண தூரத்தில் இருக்கும் பெரிய நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். அங்கே ஹாஸ்டலில் ஒரு கட்டில், பாதி அலமாரி. நான் வீட்டை விற்றுவிட்டுப் போய்ச் சேர வேண்டும். ஒரே ஒரு வேலை. அதைக்கூட இவர் ஒழுங்காகச் செய்யமாட்டார் என்பது அவள் குரலில் இருந்தது. இல்லாவிட்டால் எனக்குத்தான் அப்படிக் கேட்டதோ?

மார்ச் 4

இரவெல்லாம் காற்று. பலகை இப்போது வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது.

மார்ச் 6, வியாழன்

தரகர் எழுதிய விளம்பரத்தைப் படித்தேன். யாருடைய வீடு இது என்று எனக்கே ஆசையாகிவிட்டது.

‘மாடி ஏறும் சிரமமே இல்லாத பங்களா.’ அதாவது, மாடி இல்லை. ‘இயற்கை சூழ்ந்த பின்புறம்.’ அதாவது, இடுப்பளவு புல். நான்கு மாதமாக வெட்டவில்லை. ‘நகரத்துக்கு எட்டும் தூரம், நாட்டுப்புறத்து அமைதி.’ அதாவது, பஸ் இங்கே வந்து திரும்பிப் போய்விடும்; இதற்கு மேல் அதற்கு வழி கிடையாது.

நான் சேர்க்கச் சொன்ன ஒரே வரியை அவர் சேர்க்கவில்லை: ‘கிழக்குப் பக்கத்து மாடி வீட்டில் மனைவியின் அக்கா. ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.’

இரண்டு வீடும் ஒரே நிலத்தில்தான் இருக்கின்றன. மாமனார் ஒன்றரை ஏக்கரை இரண்டு பெண்களுக்கும் பிரித்துக் கொடுத்தார். எலுமிச்சை மரத்தடியிலிருந்து விளக்குக் கம்பம் வரை ஒரு கயிறு கட்டி, “அந்தப் பக்கம் பெரியவளுக்கு, இந்தப் பக்கம் சின்னவளுக்கு” என்றார். அவ்வளவுதான். நடுவில் வேலிகூட இல்லை. இருக்கிற வேலி கண்ணுக்குத் தெரியாதது; என் கடையில் அதற்கு லென்ஸ் இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

மூன்று பார்ட்டி வந்தது. ‘பார்ட்டி’ என்பது தரகர் வார்த்தை.

முதல் பார்ட்டி, கணவன் மனைவி. வீட்டிலிருக்கிற எல்லாக் குழாய்களையும் திறந்து மூடினார்கள். வேறெதையும் பார்க்கவில்லை. இரண்டாமவர் தனியாள். டாக்டர் நெஞ்சைத் தட்டுவது போல ஒவ்வொரு சுவராகத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். கடைசிச் சுவரில் உதட்டைப் பிதுக்கினார். “என்ன சார்?” என்றேன். “ஒண்ணுமில்ல” என்று சொல்லிப் போய்விட்டார். அதன்பிறகு நானே இரண்டு தடவை தட்டிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நோயாளிக்கு எப்போதும் தெரிவதில்லை. மூன்றாவது, ஒரு பெரிய குடும்பம். மரத்தடியில் விரிப்பை விரித்து, கொண்டுவந்த சாப்பாட்டைச் சாப்பிட்டார்கள். “அருமையான இடம்ங்க” என்று கை கழுவிக்கொண்டு கிளம்பினார்கள். வீட்டுக்குள் வரவே இல்லை.

சாயங்காலம் எலுமிச்சை மரத்தடியில் சகலை. அக்காள் தங்கைகள் பேசாமலிருந்தாலும் சகலைகள் நாங்கள் பேசிக்கொள்வோம், யாருக்கும் தெரியாமல். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். பேசும்போதே வலது கால் தானாக அழுந்தும், இல்லாத பிரேக்கை மிதிக்கிற மாதிரி.

“போர்டை அவ பார்த்துட்டா” என்றார்.

“என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லல. மாடிக்கு ரெண்டு தடவை போய்ப் பார்த்தா. முட்டி வலியோட.”

மார்ச் 16, ஞாயிறு

கிடைத்துவிட்டது பார்ட்டி!

நாய்களுக்குப் பள்ளிக்கூடம் நடத்துகிற பெண். நாற்பது வயதிருக்கும். ஒரு கிழட்டு நாயை அழைத்து வந்திருந்தார். நாய் ஒவ்வோர் அறையாக நுழைந்து முகர்ந்து, கடைசியில் வராந்தாவில் படுத்துக்கொண்டது. “இவன் படுத்துட்டான்னா சரி” என்றார் அந்தம்மா. எந்தச் சுவரையும் தட்டவில்லை. பின்புறத்துப் புல்லைப் பார்த்ததும் கண் கலங்காத குறை. “இவ்ளோ இடம்! இதுக்குத்தான் ரெண்டு வருஷமா அலையறேன்.”

புல்லை வெட்டாதது என் சோம்பேறித்தனம் என்று சொல்லவில்லை.

வங்கிக் கடனுக்கு நில அளவு ஒன்று வேண்டுமாம். சடங்குக்குத்தான் என்றார் தரகர்.

மனைவிக்குப் போன் செய்தேன். “நாய்க்குப் பிடிச்சிருக்கு” என்றேன். “யாருக்கு?” என்றாள். விளக்க ஐந்து நிமிடம் ஆனது. சிரித்தாள். அவள் சிரித்து ஒரு மாதமாகிறது, குறைந்தது என் காதில் விழுந்து.

மார்ச் 19, புதன்

சர்வேயர் வந்தார். மூன்று கால் கருவி, குடை, சிவப்புக் கொடி. பத்திரத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு காலையிலிருந்து அளந்தார். பதினோரு மணிக்கு வராந்தாவுக்கு வந்து, தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு, “சார், குளியலறை எப்பக் கட்டினது?” என்றார்.

எட்டு வருடம் முன்பு. மாமனாருக்கு மாடிப்படி ஏற முடியாமல் போனதும் அக்கா வீட்டிலிருந்து இங்கே வந்துவிட்டார். அவருக்காகப் படுக்கையறையை ஒட்டிக் கிழக்குப் பக்கமாக இழுத்துக் கட்டினோம். அகலமான கதவு, வழுக்காத தரை, சுவரெல்லாம் பிடிமானக் கம்பிகள். அப்போது எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலம். யார் அளந்தார்கள்?

“நாலடி அந்தப் பக்கம் போயிருக்கு” என்றார் சர்வேயர்.

“எந்தப் பக்கம்?”

அவர் மாடி வீட்டைக் காட்டினார்.

உள்ளே போய்த் தரையில் சாக்பீஸால் கோடு போட்டும் காட்டினார். நல்ல மனிதர், மறைக்கத் தெரியவில்லை. வாஷ்பேசின் எங்களுடையது. குழாய் சரியாகக் கோட்டின் மேல். கம்மோடு அக்காவுடையது. எட்டு வருடமாக, தினமும் காலையில், நான் அத்துமீறி நுழைந்துகொண்டிருக்கிறேன்.

அந்த நாலடியை விட்டுக்கொடுப்பதாக அக்கா கையெழுத்துப் போட்டால்தான் வங்கி கடன் கொடுக்கும். நாய்க்காரம்மா அடுத்த மாதம் பத்தாம் தேதி வரை பொறுப்பாராம். அதற்குப் பிறகு வேறிடம்.

மார்ச் 20

மனைவியிடம் சொன்னேன். 

“இடிச்சிடுங்க” என்றாள்.

“எதை?”

“நாலடிய. இடிச்சு அவ கையில குடுத்துடுங்க.”

கம்மோடு இல்லாத குளியலறையை யார் வாங்குவார்கள்? நாய்க்குக்கூடப் பிடிக்காது. இதைச் சொல்வதற்குள் வைத்துவிட்டாள்.

மார்ச் 22, சனி

காகிதத்தை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுப் படியேறினேன். அவர் என்னோடு பேசுவார். ஆனால் கவுன்டருக்குப் பின்னாலிருந்து பேசுவது போல. முப்பது வருடம் தபால் நிலையத்தில் உட்கார்ந்தவர். ஓய்வு பெற்று இரண்டு வருடமாகியும் கவுன்டர் அவரை விட்டுப் போகவில்லை.

காகிதத்தை வாங்கினார். கண்ணாடியை மூக்கில் இறக்கிப் படித்தார். (நான் போட்டுக் கொடுத்த கண்ணாடிதான். ஆறு வருடப் பழசு. பவர் மாறியிருக்கும், யாரிடம் காட்டுகிறாரோ.)

“தேதி போடல.”

“போட்டுடறேன் அக்கா.”

“மூணாவது பக்கத்துல முகவரி அரைகுறையா இருக்கு. சாட்சிக்கு இடம் விடல.”

“சரி பண்ணிக் கொண்டு வர்றேன். பண்ணினா கையெழுத்துப் போட்டுடுவீங்களா?”

“தம்பி, இடம் யார் பேர்ல இருக்கு?”

“உங்க தங்கச்சி பேர்ல.”

“அப்ப கேட்க வேண்டியவ வந்து கேட்கட்டும்.”

சகலை பின்னால் நின்று முகத்தைத் துடைப்பது போல என்னிடம் ஏதோ சாடை காட்டினார். என்னவென்று இன்னும் புரியவில்லை.

மார்ச் 23

“கேட்க மாட்டேன்.” — மனைவி.

“கேட்காம எப்படி?” — நான்.

“நான் கேட்டா அவ போடுவாளா? நல்லா நாலு கேள்வி கேப்பா. அதுக்கு நான் பதில் சொல்லணும்.”

“சொன்னா என்ன?”

போன் வைக்கப்பட்டது. இந்த மாதத்தில் நான்காவது தடவை.

உண்மையில் என்ன நடந்தது அன்றைக்கு? எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நான் வெளியூருக்குக் கண்ணாடி ஃபிரேம் கொள்முதலுக்குப் போயிருந்தேன். விடிகாலையில் மாமனார் அந்தக் குளியலறையில் விழுந்தார். இவள்தான் ஆம்புலன்ஸ் வரவழைத்து, தன் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனாள். ஒன்பது மணிக்கு அவர் போய்விட்டார். கூப்பிடு தூரத்தில் இருந்த அக்காவுக்கு விஷயம் தெரிந்தது பதினொரு மணிக்கு. அதுவும் கவுன்டரில் உட்கார்ந்திருக்கும்போது, ஒரு தபால்காரர் சொல்லி. “ஏன்டி எனக்குச் சொல்லல?” என்று எல்லோர் முன்னாலும் அக்கா கேட்டார். “உனக்கு எதுக்குச் சொல்லணும்?” என்றாள் இவள்.

அந்த ஒரு வாக்கியம். இவள் அப்படிப் பேசுகிறவள் இல்லை. ஏன் சொன்னாள்? ஆறு வருடமாக நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். பயம்தான்.

மார்ச் 27, வியாழன்

சகலையும் நானும் டிரைவிங் ஸ்கூல் காருக்குள் உட்கார்ந்து சதித்திட்டம் தீட்டினோம். அவர் ஓட்டுநர் இருக்கையில், நான் வாத்தியார் இருக்கையில். என் காலடியில் இரண்டாவது பிரேக். அதைப் பயன்படுத்தியிருக்க வேண்டும்.

திட்டம் அவருடையது: மனைவி எழுதியது போல ஒரு கடிதம். அவள் கையெழுத்து எனக்கு நன்றாக வரும் என்று நானே ஒரு காலத்தில் பெருமையடித்திருக்கிறேன்.

“என்னன்னு ஆரம்பிக்கலாம்?”

“‘அன்புள்ள அக்காவுக்கு’ன்னு போடு. உருகிடுவா.”

போட்டேன். ‘நடந்ததை மறப்போம்’ என்றும் ஒரு வரி சேர்த்தேன். இருவருக்கும் கண் கலங்கியது. எங்கள் கடிதம் எங்களையே உருக்கிவிட்டது.

மார்ச் 29, சனி

கடிதம் திரும்பி வந்துவிட்டது. அக்காவே வாசலில் நின்று நீட்டினார்.

“தம்பி, முப்பது வருஷம் கையெழுத்தைப் பார்த்தே சம்பளம் வாங்கினவ நான். அது போகட்டும். என் தங்கச்சி பிறந்ததுலேருந்து என்னை ‘அன்புள்ள’ன்னு கூப்பிட்டதே இல்ல. ‘ஏய்’ம்பா. ரொம்பப் பாசம்னா ‘ஏய் அக்கா’ம்பா.”

எனக்கு நிலம் பிளந்து விழுங்காதா என்று இருந்தது. அதிலும் எந்தப் பக்கத்து நிலம் என்று பார்க்க வேண்டும்.

“இதுல அவருக்கும் பங்கு உண்டா?”

“இல்ல அக்கா.”

“‘உருகிடுவா’ன்னு சொல்லியிருப்பாரே.”

கடிதத்தைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டேன். சகலைக்கு இன்று சாப்பாடு கிடைத்ததா தெரியவில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

இன்று நடந்ததை எப்படி எழுதுவது.

கடைக்கு லீவு போட்டிருந்தேன். தரகர் ஆட்கள் பின்பக்கத்துப் பழைய கழிப்பறையில் தரையை உடைத்துப் புது டைல்ஸ் பதிக்கிறார்கள். பத்து மணிக்கு அக்கா வந்தார், கையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. ஆறு வருடத்தில் முதல் தடவையாக வாசற்படியைத் தாண்டினார்.

“என் இடத்தைப் பார்க்கணும்.”

குளியலறையைக் காட்டினேன். சாக்பீஸ் கோட்டைக் கவனமாகத் தாண்டி, தன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, கம்மோடுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார். சிரித்திருப்பேன். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை.

பிடிமானக் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையால் தொட்டார்.

“இது எப்ப வச்சது?”

“மாமா வந்த மாசமே. உங்க தங்கச்சிதான் உயரம் பார்த்து வச்சா. அவரை நிக்க வச்சு, கையைத் தூக்கச் சொல்லி.”

“ம்.”

கொஞ்ச நேரம் கழித்து: “இங்கயா விழுந்தார்?”

“ஆமா அக்கா. பேசின் பக்கத்துல.”

“உங்க பக்கம்” என்றார். அளந்து சொன்னது போல இருந்தது. குரல் மட்டும் சரியாக இல்லை.

அரை மணி நேரம் இருந்தார். நாற்காலியை எடுக்காமல் போய்விட்டார்.

ஏப்ரல் 2

மறுபடியும் வந்தார். செய்தித்தாளோடு.

ஏப்ரல் 3

மறுபடியும். நான் காலைக்கடனுக்கு ஆறு மணிக்கே எழுந்து முடித்துவிடுகிறேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

சகலை: “அங்க என்னதான் பண்றா?”

நான்: “பேப்பர் படிக்கிறாங்க.”

சகலை: “வீட்டுல படிக்க மாட்டா. கண்ணு தெரியலம்பா.”

மனைவியிடம் இதைச் சொல்லலாமா வேண்டாமா? சொன்னேன். “என்னது, என் பாத்ரூம்ல உட்கார்ந்திருக்காளா?” என்றாள். “நாலடிதான்” என்றேன். வைத்துவிட்டாள். இதோடு எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

ஏப்ரல் 5, சனி

ஒன்று விடாமல் எழுத வேண்டும். மறந்துவிடக் கூடாது.

பதினொன்றரைக்கு வாசலில் ஆட்டோ. மனைவி. வருவதாகச் சொல்லவே இல்லை. பையை வராந்தாவில் எறிந்தாள். என்னைப் பார்த்தாள், பார்க்காத மாதிரியும் இருந்தது. நேரே பின்பக்கக் கழிப்பறைக்கு ஓடினாள். அங்கே ஈர சிமெண்ட். நாளை வரை கால் வைக்கக் கூடாது என்று கயிறு கட்டியிருக்கிறார்கள். அதே வேகத்தில் திரும்பி, படுக்கையறை வழியாகக் குளியலறை வாசலுக்கு வந்தாள்.

உள்ளே அக்கா. செய்தித்தாளை இறக்கினார். எழுந்து வந்து வாசலை அடைத்தாற்போல நின்றார்.

ஆறு வருடம். நான் சுவரோடு சுவராக நின்றேன்.

“நகரு” என்றாள் மனைவி.

“இது என் இடம்.”

“ஏய், அஞ்சு மணி நேரம் பஸ்ல வந்திருக்கேன்.”

“கேட்டுட்டுப் போ.”

“என்னத்தக் கேக்கணும்?”

“போகலாமான்னு கேளு.”

மனைவி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். அவள் ஒற்றைக் காலில் மாறி மாறி நின்றாள். வாழ்க்கையில் சில விஷயங்களைத் தள்ளிப்போட முடியாது.

“போகலாமா?”

“போ” என்றார் அக்கா, ரசீது கிழித்துக் கொடுப்பது போல. விலகினார்.

கதவு சாத்தியது. நாங்கள் இருவரும் வெளியே. அக்கா முந்தானையைச் சரி செய்துகொண்டார். என்னைப் பார்க்கவில்லை. தண்ணீர்ச் சத்தம் கேட்டது. குழாய்ச் சத்தம் கேட்டது. அது நிற்கவே இல்லை.

“உள்ள என்ன பண்ற?” என்றார் அக்கா.

“கை கழுவறேன்.”

“இவ்ளோ நேரமா?”

“நான் நர்ஸ்.”

குழாய் நின்றது. கதவு திறக்கவில்லை. பிறகு உள்ளேயிருந்து, வேறு குரலில்:

“அக்கா.”

“என்ன?”

“அன்னிக்கு உனக்குச் சொல்லக் கூடாதுன்னு நான் நினைக்கல.”

அக்கா கதவருகே நகர்ந்தார்.

“மறந்துட்டேன்.”

“என்னது?”

“மறந்துட்டேன்க்கா. அப்பாவைத் தூக்கிட்டு ஓடினேன். கேஷுவால்டி சிஸ்டர், வார்டு சிஸ்டர், நைட் டியூட்டி சிஸ்டர், ஐசியூ சிஸ்டர்னு ஒருத்தர் விடாம போன் பண்ணினேன். அத்தனை சிஸ்டருக்கும் சொன்னேன். என் சொந்த சிஸ்டருக்குச் சொல்ல மறந்துட்டேன். எல்லாம் முடிஞ்சப்புறம்தான் ஞாபகமே வந்துச்சு. நீ வந்து எல்லாருக்கும் முன்னாடி கேட்டே. மறந்துட்டேன்னு எப்படிச் சொல்றது? அதை எந்த வாயால சொல்றது? அதான் அப்படிக் கத்தினேன்.”

மனசுக்குள் அவளைக் கேட்டேன்: ஆறு வருஷமா இதையா வச்சிருந்தே? என்கிட்டகூடச் சொல்லாம?

அக்கா கதவைத் தட்டினார்.

“மறந்துட்டியா? அவ்வளவுதானா? நான் அழுது ஆர்ப்பாட்டம் பண்ணுவேன்னு நீ வேணும்னே சொல்லாம இருந்தியோன்னு நினைச்சேன். அப்பா என்னைப் பார்க்க வேணாம்னு சொல்லிட்டாரோன்னு நினைச்சேன். என்னென்னமோ நினைச்சேன்டி! ஒரு வருஷமா ரெண்டு வருஷமா?”

உள்ளேயிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம்.

“அப்பா உன்னைத்தான் கேட்டார். ஆம்புலன்ஸ்ல. ‘பெரியவ வேலைக்குக் கிளம்பிட்டாளா’ன்னு கேட்டார்.”

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டார். நான் நாற்காலி எடுக்கப் போனேன். நாற்காலி உள்ளே, பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம்.

அழுவார் என்று நினைத்தேன். இல்லை, கோபம் வந்தது. நிஜமான கோபம்.

“மறந்துட்டாளாம்! என்னை எப்படிடி மறப்பே? கதவைத் திற!”

“மாட்டேன்.”

“திறடி. இது என் கதவு!”

சர்வேயர் கணக்குப்படி கதவு எங்கள் பக்கம். 

கதவு திறந்தது. பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. தேநீர் போடுகிறேன் என்று சமையலறைக்குப் போய்விட்டேன். அடித்துக்கொள்வது போலச் சத்தம் கேட்டது. அழுவது போலவும் கேட்டது. ஒரு கட்டத்தில், “இந்தத் துண்டை எப்பத் தொவைச்சீங்க?” என்று அக்கா கேட்பது தெளிவாகக் கேட்டது. சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டேன். இருவரும் குடித்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

காகிதத்தை அக்கா மூன்று தடவை திருப்பி அனுப்பினார். தேதி சரியில்லை. கட்டத்துக்கு வெளியே எழுத்து போயிருக்கிறது. மனைவி கத்தினாள். அக்கா இன்னும் சத்தமாகக் கத்தினார். நானும் சகலையும் எலுமிச்சை மரத்தடியில் நின்று கேட்டோம்.

“பேசாமலிருந்தப்ப அமைதியா இருந்துச்சு” என்றார் சகலை. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். தூசியாம்.

நான்காவது தடவை கையெழுத்து போட்டார்.

ஏப்ரல் 9, புதன்

பதிவு அலுவலகம். நாலடி விட்டுக்கொடுத்தாகிவிட்டது. பதிலுக்கு எதுவும் கேட்கவில்லை அக்கா. ஒரே ஒரு நிபந்தனை: சுவரிலிருக்கிற பிடிமானக் கம்பிகளைக் கழற்றித் தர வேண்டும். தன் வீட்டு மாடிப்படிக்கு வேண்டுமாம்.

பொருத்தியது சகலை. கோணலாகத்தான் பொருத்தியிருக்கிறார். நான் சொல்லவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு அக்கா ஏறுகிறாரே, போதும்.

ஏப்ரல் 12, சனி

அக்காவைக் கடைக்கு வரவழைத்துக் கண் பார்த்தேன். முக்கால் பவர் கூடியிருக்கிறது. இவ்வளவு நாளும் பேப்பரை என்னதான் படித்தாரோ.

ஏப்ரல் 30, புதன்

சாவி கொடுத்தாயிற்று. நாய்க்காரம்மா இன்று காலை ஏழு நாய்களோடு வந்து இறங்கினார். காலி அறைகளில் அவை குரைத்தது எதிரொலித்தது. நம் சாமான்கள் இல்லாவிட்டால் இந்த வீடு இவ்வளவு பெரியதா? பத்தொன்பது வருடம் இருந்தும் எனக்குத் தெரியவில்லை. ஒவ்வோர் அறையாக ஒரு தடவை நடந்தேன்.  ஒரு நாய் பின்னாலேயே வந்து, நான் நின்ற இடத்திலெல்லாம் முகர்ந்துகொண்டே இருந்தது. நிம்மதியாக வருத்தப்படக்கூட விடவில்லை.

லாரி கிளம்பும்போது அக்கா வெளியே வரவில்லை. மாடி ஜன்னலில் நின்றிருந்தார். மனைவி கீழேயிருந்து, “ஏய்!” என்றாள். அவர் கையை மட்டும் ஆட்டினார், போ போ என்பது போல.

ஜூலை 12, சனி

நகரத்துப் புதுக் கடையில் வேலை நேரத்தில் போன் எடுக்கக் கூடாது. மதியம் பார்த்தால் சகலையிடமிருந்து நான்கு அழைப்பு. பதறிப்போய்த் திருப்பிக் கூப்பிட்டேன்.

“உன் பொண்டாட்டி கால் இப்ப எப்படி இருக்கு?”

“எந்தக் கால்?”

“இடது கால்தான்னு நினைக்கிறேன். இரு, கேட்டுச் சொல்றேன்.” தள்ளிப் போய்க் கேட்டுவிட்டு வந்தார். “இடதுதான். காலையில டியூட்டிக்குப் போறப்ப படியில சறுக்கிட்டாளாம். எலும்பு ஒண்ணும் இல்லயாம். கட்டு மட்டும் போட்டிருக்காங்க. உனக்குத் தெரியாதா?”

ஐந்து மணி நேரப் பயண தூரத்தில் இருக்கிறவருக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டு தெரு தள்ளி இருக்கிற எனக்குத் தெரியவில்லை.

அனுமதி கேட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஓய்வறையில் ஸ்டூல் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காதில் போன். “ஏய், அதெல்லாம் தடவ மாட்டேன், நான் நர்ஸா நீ நர்ஸா?” என்று சிரித்துக்கொண்டே சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஒரு விரலை உயர்த்தினாள் — இருங்க, பேசி முடிச்சிடறேன்.

பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.